கரண்ட் ஏன் அடிக்கடி போகிறது?



கோடைக்காலம். இரவு எட்டு மணி. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது. திடீரென்று விளக்கு அணைகிறது. மின்விசிறி நிற்கிறது. “மறுபடியும் போயிடுச்சா?” என்று தெருவே கேட்கிறது.

இது நம் எல்லோருக்கும் பழக்கமான காட்சிதான்.

கரண்ட் போனால் இருட்டு மட்டும் வருவதில்லை. மோட்டார் வைத்துத் தையல் தைக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறுவதில்லை. மறுநாள் குடத்தோடு அலைவது நாம்தான். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் மருந்து குளிர்ச்சி இல்லாமல் கெட்டுப் போகலாம். வெக்கையில் கைக்குழந்தையும் வயதானவர்களும் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

ஏன் போகிறது என்று கேட்டால், “கரண்ட் பத்தவில்லை” என்று ஒரே பதில் வருகிறது. அந்தப் பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இந்தப் பாடத்தில் படிப்போம்.

ஒரு சந்தேகம்

“நம் நாட்டில் மின்சாரம் முன்பைவிட அதிகம் என்கிறார்களே? அப்புறம் ஏன் போகிறது?”

நல்ல கேள்வி. அரசின் கணக்கைப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு வாக்கில் இந்தியக் கிராமங்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 12.5 மணி நேரம் மின்சாரம் கிடைத்தது. 2025இல் அது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2017இல் ‘சௌபாக்யா’ என்ற திட்டம் வந்தது. அதன் மூலம் 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாக மின் இணைப்புப் பெற்றன.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

2012-13இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் அதிகமாகக் கேட்கப்பட்ட மின்சாரம் ஏறக்குறைய 1 லட்சத்து 35 ஆயிரம் மெகாவாட். 2024 மே 30 அன்று அது 2 லட்சத்து 50 ஆயிரம் மெகாவாட்டைத் தொட்டது. அன்று வட இந்தியாவில் கடும் வெயில்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மின் நிலையங்களை அரசும் தனியாரும் கட்டினார்கள். பெரிய கம்பிப் பாதைகளும் வந்தன. ஆனால் நம் தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் பல இடங்களில் அதே பழைய டிரான்ஸ்பார்மர்தான். கம்பியும் அதே பழைய கம்பிதான்.

ஊருக்குத் தார்ச்சாலை அகலமாக வந்துவிட்டது. நம் வீட்டுச் சந்து மட்டும் அகலவில்லை. வண்டிகள் எங்கே சிக்கும்? சந்தில்தானே!

மின்சாரம் வரும் பாதை

மின்சாரம் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது?

முதலில் மின் நிலையம். அங்கே மின்சாரம் உற்பத்தி ஆகிறது.

அடுத்து உயர்ந்த கோபுரங்கள். அவற்றின் மேல் செல்லும் கம்பிகள் மின்சாரத்தை வெகுதூரம் கொண்டு வருகின்றன.

பிறகு துணை மின் நிலையம். சப்-ஸ்டேஷன் என்று நாம் சொல்வது இதைத்தான். அங்கிருந்து 11,000 வோல்ட் கம்பிகள் ஊருக்குள் வருகின்றன.

அதன் பிறகு நம் தெரு டிரான்ஸ்பார்மர். அது 11,000 வோல்ட்டைக் குறைக்கிறது. வீட்டுக்கு 230 வோல்ட் வருகிறது.

இந்தப் பாதையில் எங்கே தடை வந்தாலும் நம் வீட்டில் விளக்கு அணையும். எங்கே அணைந்தாலும் இருட்டு ஒன்றுதான். ஆனால் காரணம் ஒன்றல்ல. காரணம் தெரியாமல் பழுதைச் சரி செய்ய முடியாது.

டிரான்ஸ்பார்மர் ஏன் தாங்குவதில்லை?

டிரான்ஸ்பார்மரின் மேல் அதன் அளவு எழுதியிருக்கும். 25 கே.வி.ஏ., 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. என்று இருக்கும். அந்த அளவுக்கு மேல் அது தாங்காது.

ஒரு கணக்குப் போடுவோம். எடுத்துக்காட்டுக்காக ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் 60 வீடுகள். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். அது ஏறக்குறைய 55,000 வாட் வரை தாங்கும்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் இரண்டு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு டி.வி. எல்லாம் சேர்த்து 300 வாட் என்று வைப்போம்.

60 வீடு × 300 வாட் = 18,000 வாட்.

டிரான்ஸ்பார்மர் நிம்மதியாக இருந்தது.

இப்போது எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. அது 9 வாட்தான் எடுக்கும். ஆனால் வீட்டில் இரண்டு மின்விசிறி, பிரிட்ஜ், டி.வி. எல்லாம் ஓடுகின்றன. ஒரு வீட்டுக்கு 400 வாட் என்று வைப்போம்.

60 வீடு × 400 வாட் = 24,000 வாட்.

20 வீடுகளில் ஏ.சி. போட்டார்கள். ஓர் ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட்.

20 வீடு × 1,500 வாட் = 30,000 வாட்.

15 வீடுகளில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 750 வாட்.

15 வீடு × 750 வாட் = 11,250 வாட்.

மொத்தம் 65,250 வாட். தாங்குவது 55,000 வாட். அப்புறம் என்ன ஆகும்? பீஸ் போகும். அல்லது டிரான்ஸ்பார்மர் சூடாகும்.

டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெய் இருக்கிறது. சூட்டைத் தணிப்பது அந்த எண்ணெய்தான். முன்பெல்லாம் இரவில் காற்று குளிர்ந்தது. வீடுகளிலும் மின்சாரச் செலவு குறைந்தது. டிரான்ஸ்பார்மரும் ஆறியது. இப்போது கோடை இரவிலும் வெக்கை தணிவதில்லை. ஏ.சி. விடிய விடிய ஓடுகிறது. டிரான்ஸ்பார்மருக்கு ஆற நேரம் கிடைப்பதில்லை. பல நாள் இப்படிச் சூடானால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் காப்பு உறை கருகுகிறது. ஒரு நாள் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகிறது. வேறு டிரான்ஸ்பார்மர் வந்து மாட்டும் வரை தெருவே இருட்டு.

எதிர் வீட்டில் எரிகிறதே!

“எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. எதிர் வீட்டில் மட்டும் எரிகிறது. இது என்ன நியாயம்?” என்று சிலர் கோபப்படுவார்கள்.

இதற்கும் காரணம் உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று மின்கம்பிகள் வருகின்றன. இவற்றை மூன்று பேஸ் என்பார்கள். சில வீடுகளுக்கு முதல் கம்பியில் இணைப்பு. சில வீடுகளுக்கு இரண்டாவது கம்பியில். மற்ற வீடுகளுக்கு மூன்றாவது கம்பியில். ஒரே கம்பியில் அதிக வீடுகள் சேர்ந்துவிட்டால் அந்தக் கம்பியின் பீஸ் மட்டும் அடிக்கடி போகும். அந்த வீடுகளில் லோ வோல்டேஜும் வரும்.

இதற்குப் புதிய டிரான்ஸ்பார்மர் தேவைப்படாமலும் போகலாம். வீடுகளை மூன்று கம்பிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தாலே தடை குறையும். இது மின் ஊழியர்கள் செய்யும் வேலை. நாம் கேட்க வேண்டும்.

கம்பியும் மரமும்

சில தடைகள் கம்பியில் வருகின்றன. காற்றடித்தால் மரக்கிளை கம்பியில் உரசும். அணிலோ பறவையோ இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டும். பழைய கம்பி தொய்ந்து ஒன்றோடு ஒன்று மோதும். உடனே சப்-ஸ்டேஷனில் கரண்ட் தானாக நின்றுவிடும். அது நம் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு.

இந்த வகைத் தடையைக் குறைக்க மழைக்கு முன்பே கிளை வெட்ட வேண்டும். தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்துக் கரண்ட்டை நிறுத்துவது இதற்காகத்தான்.

நிலக்கரியும் சூரியனும்

சில தடைகள் வெகுதூரத்தில் தொடங்குகின்றன.

இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துக் கிடைப்பது. 2022 மார்ச் மாதம் கடும் வெயில். 1901 முதல் உள்ள கணக்கில் அதுவே இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் மாதம். ஏப்ரலிலும் வெயில் தணியவில்லை. மின்சாரத் தேவை திடீரென்று ஏறியது. பல மின் நிலையங்களில் நிலக்கரிக் கையிருப்பு குறைந்தது. நிலக்கரி ரயில்களுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்கள் பல ரத்தாயின. பல மாநிலங்களில் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது.

இப்போது சூரிய மின்சாரம் வளர்ந்திருக்கிறது. 2025 ஜனவரி மாத முடிவில் இந்தியாவின் சூரிய மின் உற்பத்தித் திறன் 1 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. பகலில் இது பெரிய துணை. ஆனால் மாலையில் சூரியன் மறைகிறது. அதே நேரத்தில் நாம் வீடு திரும்புகிறோம். விளக்கு, மின்விசிறி, டி.வி., மோட்டார், ஏ.சி. எல்லாவற்றையும் போடுகிறோம். உற்பத்தி இறங்கும் நேரமும் தேவை ஏறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

பகல் மின்சாரத்தைச் சேமித்து வைத்தால் இரவில் பயன்படுத்தலாம். அதற்குப் பெரிய பேட்டரிகள் வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே உள்ள அணைக்கு ஏற்றுவார்கள். தேவை கூடும்போது அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் இப்படி 900 மெகாவாட் நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. இவை போல இன்னும் பல வேண்டும்.

ஒரே வலை

மின்சாரத்தில் ஒரு விதி உண்டு. எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு அந்தந்த நொடியில் உற்பத்தியாக வேண்டும்.

சைக்கிள் மிதிப்பதை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஓர் ஆள் ஏறினால் வேகம் குறைகிறது. இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். மிதிக்க முடியாவிட்டால் சைக்கிள் சாயும். யாராவது இறங்க வேண்டும். மின் நிலையத்திலும் அப்படித்தான். தேவை அதிகமாகி உற்பத்தி குறைந்தால் இயந்திரங்களின் வேகம் குறையும். முழு வலையும் சாயாமல் இருக்கச் சில பகுதிகளை இறக்கிவிடுவார்கள். அதுதான் மின்வெட்டு.

இறக்க வேண்டிய நேரத்தில் இறக்காவிட்டால் என்ன ஆகும்? 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் அது நடந்தது. பீனாவுக்கும் குவாலியருக்கும் நடுவில் ஓடும் 400 கிலோவோல்ட் பாதையில் சுமை மிகுந்தது. அந்தப் பாதை அறுந்ததுபோல் நின்றது. அதன் சுமை மற்றப் பாதைகளின் மேல் விழுந்தது. அவையும் நின்றன. முதல் நாள் வட இந்தியா இருண்டது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்கள் எல்லாம் இருண்டன. 60 கோடிப் பேருக்கும் மேல் மின்சாரம் இல்லை. ரயில்கள் நடுவழியில் நின்றன.

அப்போது தென்னிந்திய மின் வலை தனியாக இருந்தது. அதனால் தமிழ்நாடும் மற்றத் தென் மாநிலங்களும் தப்பின. 2013 டிசம்பர் 31 முதல் தெற்கும் அதே வலையில் சேர்ந்தது. இப்போது நாடு முழுவதும் ஒரே வலை. ஓரிடத்தில் மிஞ்சுவது இன்னோரிடத்துக்கு உதவும். ஒருவர் அளவு மீறி இழுத்தால் எல்லோருக்கும் ஆபத்தும் உண்டு.

பணம் எங்கே நிற்கிறது?

டிரான்ஸ்பார்மர் மாற்றப் பணம் வேண்டும். மின் விநியோக நிறுவனங்களில் பல கடனில் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளின் கணக்குப்படி, 100 யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 15, 16 யூனிட்டுக்குப் பணம் வந்து சேர்வதில்லை. கொஞ்சம் கம்பியிலேயே சூடாகி வீணாகிறது. கொஞ்சம் திருட்டில் போகிறது. கொஞ்சம் பில் கட்டாததால் போகிறது. இதில் அரசு அலுவலகங்களின் பாக்கியும் உண்டு.

கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பவர் அரசை ஏமாற்றுவதாக நினைக்கிறார். அந்தக் கொக்கியின் சுமை எந்தக் கணக்கிலும் வராது. அது நம் டிரான்ஸ்பார்மரின் தலையில் விழும். முதலில் இருட்டில் உட்காருவது அவருடைய அண்டை வீட்டார்தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. உயிருக்கே ஆபத்தும் உண்டு.

எங்கே தடை? நாமே கண்டுபிடிப்போம்

நமக்கு இப்போது எழுதப் படிக்கத் தெரியும். அந்த எழுத்தை இங்கே பயன்படுத்துவோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் நான்கு விஷயம் எழுதுங்கள். என்ன தேதி? எத்தனை மணிக்குப் போனது? எத்தனை மணிக்கு வந்தது? எந்தெந்த வீடுகளில் போனது?

ஒரு மாதம் எழுதினால் காரணம் தெரியத் தொடங்கும்.

நம் வீட்டில் மட்டும் போனால், பழுது நம் பீஸிலோ, நம் வீட்டுக்கு வரும் கம்பியிலோ இருக்கலாம்.

தெருவில் சில வீடுகளில் மட்டும் போனால், ஒரு பேஸில் சுமை அதிகமாக இருக்கலாம்.

தெரு முழுவதும் வெயில் கால இரவுகளில் போனால், டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

காற்று மழையின்போது போனால், மரக்கிளையையும் கம்பியையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சுற்று ஊர்கள் எல்லாம் இருண்டால், காரணம் சப்-ஸ்டேஷனிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது.

“அடிக்கடி கரண்ட் போகிறது, சார்” என்று வாயால் சொன்னால், “பார்க்கிறோம்” என்ற பதிலோடு முடியலாம். “இந்த மாதம் 14 முறை போனது. 11 முறை இரவு எட்டு மணிக்கு மேல் போனது” என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

1. கரண்ட் போனவுடன் ஏ.சி., மோட்டார், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் வந்து சில நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லார் வீட்டிலும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் பீஸ் மறுபடியும் போகும்.

2. தண்ணீர் மோட்டாரை மாலை ஆறு மணிக்கு மேல் போடாதீர்கள். பகலில் போடுங்கள்.

3. வீட்டில் ஏ.சி. போன்ற பெரிய சாதனம் வாங்கினால் மின் அலுவலகத்தில் தெரிவித்து மின்பளுவைக் கூட்டி எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இருக்கலாம். ஆனால் தாளில் சுமை குறைவாக இருந்தால், “இந்தத் தெருவுக்கு இந்த டிரான்ஸ்பார்மர் போதும்” என்றுதான் அலுவலகம் கணக்கிடும்.

4. அறுந்து விழுந்த கம்பியைத் தொடாதீர்கள். கரண்ட் போயிருந்தாலும் தொடாதீர்கள். பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்குங்கள். உடனே தகவல் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போட நீங்களே ஏறாதீர்கள். லைன்மேன் வரட்டும்.

5. மின்தடை பற்றிப் புகார் செய்ய 1912 என்ற எண் இருக்கிறது. புகார் எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

நம் உரிமை

2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. நல்ல சேவை பெறுவது நம் உரிமை என்று அந்த விதிகள் சொல்கின்றன. நிர்ணயித்த நேரத்துக்குள் பழுது நீக்காவிட்டால் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. நேரம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தில் மனுக் கொடுக்கலாம்.

மனு எழுதுவோம்

இடம்: ................
நாள்: ................

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் அலுவலகம், ................

ஐயா / அம்மா,

எங்கள் ................ தெருவில் ...... வீடுகள் உள்ளன. கடந்த ஒரு மாதத்தில் ...... முறை மின்சாரம் தடைப்பட்டது. அதில் ...... முறை இரவு நேரத்தில் தடைப்பட்டது. தேதியும் நேரமும் எழுதிய தாளை இணைத்துள்ளோம். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் சுமையை மாலை நேரத்தில் அளந்து பார்க்கவும். மூன்று பேஸிலும் சுமை சமமாக உள்ளதா என்று பார்க்கவும். சுமை அதிகமாக இருந்தால் பெரிய டிரான்ஸ்பார்மர் அமைத்துத் தரவும். எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருவில் வசிப்போர்
(கையெழுத்துகள்)

மனுவை இரண்டு படி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுதுவோம்

1. மின்சாரம் வரும் பாதையில் உள்ள நான்கு இடங்களை வரிசையாக எழுதுங்கள்.

2. உங்கள் வீட்டுச் சாதனங்களையும் அவற்றின் வாட்டையும் எழுதிக் கூட்டுங்கள். எவ்வளவு வருகிறது?

3. எதிர் வீட்டில் எரிந்து, நம் வீட்டில் எரியாமல் இருப்பதற்கு என்ன காரணம்?

கூடிப் பேசுவோம்

உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் அளவு என்ன? அது வைத்தபோது எத்தனை வீடுகள் இருந்தன? இப்போது எத்தனை? மையத்தில் கூடிப் பேசுங்கள். நோட்டுப் புத்தகத்தை யார் எந்த வாரம் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். அடுத்த மாதக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து மனுவை நிரப்புங்கள். கைநாட்டு வேண்டாம். ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.